எங்கள் தொகுதிக் கோடு ஏன் இப்படிப் போகிறது? கட்சிக்காகவா, நிறத்துக்காகவா?

செவ்வந்தி (பிரிஸ்கோ, டெக்சாஸ்)
2025 நவம்பர் 8

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன். நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் என் கணவரும் 2023ல் குடியுரிமை வாங்கினோம், 2024ல் முதல் ஓட்டு. ஓட்டுப் போடப் போவதற்கு முன்பு மாதிரி வாக்குச்சீட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் எங்கள் வீடு காங்கிரஸுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, டெக்சாஸ் 4வது தொகுதியில் இருப்பது தெரிந்தது. பத்து நிமிஷக் கார் தூரத்தில் பிளேனோவில் இருக்கும் என் சித்தி மகள் 3வது தொகுதி. நாங்கள் போகும் கோவில் ஒன்று, அரிசி வாங்கும் கடை ஒன்று, பிள்ளைகள் தமிழ் படிக்கும் இடமும் ஒன்று. ஆனால் என் தொகுதி வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அது வடக்கே ஒக்லஹோமா எல்லையில் ஓடும் ரெட் ரிவர் வரை போகிறது, ஷெர்மன், பாரிஸ் என்று நான் போயே இராத ஊர்களெல்லாம் உள்ளே இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் நல்ல மனிதர்களாக இருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் விசா வரிசையோ, பள்ளியில் ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைகளோ அவர்களுக்கு ஒரு பிரச்சினையே இல்லை. தேடிப் பார்த்தபோது, பிளேனோவிலும் பிரிஸ்கோவிலும் ஆசியர்கள் நெருக்கமாக வாழும் பகுதிகளைத்தான் 2021ல் 3வது தொகுதியிலிருந்து எடுத்து இதில் சேர்த்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

தீபாவளிக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். ஒரு அண்ணன், "இது கட்சி விஷயம்மா, ஆட்சியில் இருக்கிறவன் தனக்குத் தோதாகத்தான் கோடு போடுவான், எல்லாக் கட்சியும் செய்யும், நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மனசு ஒப்பவில்லை. 2010க்கும் 2020க்கும் நடுவில் டெக்சாஸில் கூடிய மக்கள் ஏறக்குறைய 40 லட்சம், அதில் நூற்றுக்கு 95 பேர் வெள்ளையர் அல்லாதவர்கள். அவர்கள் வந்ததால்தான் மாநிலத்துக்கு 36 இடம் 38 ஆனது. ஆனால் புதிதாக வரைந்த அந்த 2 தொகுதியிலும் வாக்காளர்களில் வெள்ளையர்தான் அதிகம். இது கணக்கு சரியாக வருகிற விஷயமா? போதாததற்கு இந்த ஆகஸ்டில், அடுத்த சென்சஸுக்கு இன்னும் 5 வருஷம் இருக்கும்போதே, திரும்பவும் வரைந்துவிட்டார்கள்.

ஊரில் மறுவரையறை என்றால் எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பதுதான் எல்லோருக்கும் கவலை. இங்கே எண்ணிக்கையை விடக் கோடு எங்கே ஓடுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது போலத் தெரிகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த அண்ணன் சொன்னது சரியா?

ஆற்றங்கரை (டர்ஹம், வட கரோலினா)
2025 நவம்பர் 8

செவ்வந்தி, நல்ல கேள்வி. அண்ணன் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நான் 22 வருஷமாக இந்த மாநிலத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் கணக்கு. ஒரு மாநிலத்தில் 500 வாக்காளர், 5 தொகுதி, தொகுதிக்கு 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 200 பேர் சிறுபான்மை, அவர்கள் ஒரே மாதிரி ஓட்டுப் போடுகிறவர்கள், மற்ற 300 பேர் அதற்கு எதிராகப் போடுகிறவர்கள். நியாயமாகப் பார்த்தால் 5ல் 2 அவர்களுக்கு வரவேண்டும். இப்போது அந்த 200ல் 90 பேரை ஒரே தொகுதியில் அடைத்துவிட்டு மீதி 110 பேரை மற்ற நாலுக்கும் பிரித்துவிடுங்கள், ஒரு இடம்தான் கிடைக்கும். எல்லாத் தொகுதியிலும் நாற்பது நாற்பதாகத் தூவிவிடுங்கள், ஒன்றுமே கிடைக்காது. ஆள் அதே ஆள், ஓட்டு அதே ஓட்டு. 2, 1, 0 என்று எது வேண்டுமோ அதைக் கோடு போடுகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அடைப்பது, உடைப்பது, இரண்டே வித்தை. 1812ல் மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி பல்லி மாதிரி நெளிந்த ஒரு தொகுதிக்குக் கையெழுத்துப் போட்டார், அவர் பெயரையும் சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் பெயரையும் சேர்த்துத்தான் ஜெர்ரிமாண்டரிங் என்ற சொல்லே வந்தது.

நம் ஊரில் பங்காளி வரப்பை வருஷத்துக்கு ஒரு சாண் வெட்டித் தள்ளிக்கொண்டே போவான் இல்லையா, அதேதான். ஒரே வித்தியாசம், இங்கே பெரும்பாலான மாநிலங்களில் வரப்பு வெட்டுகிறவர் கையிலேயே அளவுச் சங்கிலியும் இருக்கிறது. இந்தியாவில் ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஆணையம் வரைகிறது, அதிலும் குறை சொல்கிறவர்கள் உண்டு. இங்கே சட்டசபையில் உட்கார்ந்திருக்கும் உறுப்பினர்களே தங்கள் தொகுதியையும் காங்கிரஸ் தொகுதியையும் வரைகிறார்கள்.

இப்போது எங்கள் மாநிலக் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தின் முழு வரலாறும் இங்கே ஒரே தொகுதிக்குள் அடங்கியிருக்கிறது. இங்கிருந்து போயிருந்த ஜார்ஜ் ஹென்றி வைட் என்ற கறுப்பினப் பிரதிநிதி 1901ல் காங்கிரஸை விட்டு வெளியேறினார். கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையையே பறிக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. கடைசி உரையில், எங்கள் மக்கள் ஒரு நாள் பீனிக்ஸ் பறவை போல எழுந்து திரும்பி வருவார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வர எத்தனை வருஷம் ஆனது தெரியுமா? 91. 1992ல்தான் 1வது தொகுதியில் ஈவா கிளேட்டனும் 12வது தொகுதியில் மெல் வாட்டும் ஜெயித்தார்கள். நடுவில் ஜனங்கள் இல்லாமல் போகவில்லை. 1965 வாக்குரிமைச் சட்டத்தை 1982ல் திருத்திய பிறகு, ஜெயிக்க முடிகிற மாதிரி தொகுதி வரையவேண்டிய கட்டாயம் வந்ததால்தான் அது நடந்தது.

அந்த 12வது தொகுதி 85ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டி 160 மைல் நீளத்துக்கு ஒல்லியாக ஓடியது. ஐந்து வெள்ளை வாக்காளர்கள் வழக்குப் போட்டார்கள், 1993ல் உச்ச நீதிமன்றம் இனத்தை மட்டும் வைத்து இப்படி வரைவது கேள்விக்குரியது என்றது. அதன்பிறகு அந்தத் தொகுதியை எத்தனை தடவை மாற்றினார்கள் என்று எண்ணிச் சொல்வதே சிரமம். 2011ல் குடியரசுக் கட்சிக்காரர்கள் 1, 12 இரண்டிலும் கறுப்பினத்தவரை இன்னும் திணித்து அடைத்தார்கள். 2017ல் உச்ச நீதிமன்றம் இரண்டுமே இனத்தை வைத்து வரைந்தவை, செல்லாது என்றது.

இப்போது கவனியுங்கள். அந்த வழக்கில் கீழ்க்கோர்ட்டிலேயே தோற்றவுடன், 2016ல், எங்கள் சட்டசபையில் மறுவரையறைப் பொறுப்பில் இருந்த உறுப்பினர் டேவிட் லூயிஸ் பகிரங்கமாகவே சொன்னார்: இது கட்சிக்காக வரைகிற வரைபடம், 10 இடம் எங்களுக்கு, 3 அவர்களுக்கு, 11க்கு 2 என்று வரைய வழி இல்லாததால்தான் 10க்கு 3. மறைக்கவே இல்லை. ஏன் மறைக்கவில்லை? இனத்துக்காக என்றால் சட்டம் பிடிக்கும், கட்சிக்காக என்றால் பிடிக்காது. அந்த வரைபடத்தில் கிரீன்ஸ்பரோவில் உள்ள கறுப்பினத்தவருக்கான பழம்பெரும் பல்கலைக்கழகமான வட கரோலினா ஏ அண்ட் டி வளாகத்தின் குறுக்கே கோடு போனது. விடுதி ஒரு தொகுதி, வகுப்பறை இன்னொரு தொகுதி. 2019ல் அதே வரைபடம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது 5க்கு 4 என்று தீர்ப்பு வந்தது. கட்சிக்காக இப்படி வரைவது ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது என்று தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதினார், எழுதிவிட்டு, ஆனால் கூட்டாட்சி நீதிமன்றங்கள் இதில் தலையிட முடியாது என்று முடித்துவிட்டார்.

போன மாதம், 2025 அக்டோபரில், எங்கள் சட்டசபை திரும்பவும் வரைந்தது. ஒரே ஒரு தொகுதியைக் குறிவைத்து. எந்தத் தொகுதி? 1வது. ஈவா கிளேட்டன் ஜெயித்த அதே தொகுதி. 1992லிருந்து இன்றுவரை கறுப்பினப் பிரதிநிதிகளை மட்டுமே அனுப்பிய தொகுதி. காரணம் கேட்டால், கட்சிக்காக என்கிறார்கள். உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

கடலோரம் (அட்லாண்டா)
2025 நவம்பர் 9

ஆற்றங்கரை எழுதியதை மதிக்கிறேன், ஆனால் ஒரு பக்கம் விடுபட்டுப் போகிறது. சிறுபான்மையினர் ஜெயிக்கிற தொகுதி வரைவது, சிறுபான்மையினருக்கு நன்மை செய்வது, இரண்டும் எப்போதும் ஒன்றல்ல. 1992ல் தெற்கு மாநிலங்களிலிருந்து கறுப்பினப் பிரதிநிதிகள் எண்ணிக்கை மளமளவென்று ஏறியது உண்மை. அதற்குக் குடியரசுக் கட்சியும் சந்தோஷமாகத் துணை நின்றதும் உண்மை. ஏனென்றால் கறுப்பின வாக்காளர்களை ஒரு தொகுதியில் 60, 65 சதவீதம் என்று குவித்தால் சுற்றியிருக்கும் மூன்று தொகுதிகள் வெளுத்துப்போகும். அங்கெல்லாம் கறுப்பின வாக்காளரை நம்பியிருந்த வெள்ளை ஜனநாயகக் கட்சிக்காரர்கள் 1994ல் வரிசையாகத் தோற்றார்கள். சபையில் நம்மவர் முகம் கூடியது, ஆனால் சபையே கைமாறியது.

எங்கள் ஜார்ஜியாவில் 2001ல் மாநில செனட் தொகுதிகளை ஜனநாயகக் கட்சியினர் வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்து வரைந்தார்கள், கறுப்பினத்தவரை ஒரே இடத்தில் அடைக்காமல். அதற்கு ஆதரவாகச் சாட்சியம் சொன்னவர் யார்? 1965ல் கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக ஊர்வலம் போய் செல்மா பாலத்தில் தலையில் அடிவாங்கிய ஜான் லூயிஸ். அவருக்கு இதில் என்ன சுயநலம் இருந்திருக்க முடியும்? தொகுதியில் எத்தனை சதவீதம் என்பதை விட ஆட்சியில் பங்கு இருக்கிறதா என்பதுதான் அவருக்கு முக்கியமாகப் பட்டது.

இன்னொன்று. கோணல் மாணலாக இருந்தாலே அநியாயம் என்று நினைக்காதீர்கள். சிகாகோவில் 1992 முதல் இருந்த 4வது தொகுதி இரண்டு துண்டாக, நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு நூல் இழையால் இணைந்து, குளிருக்குப் போடும் காதுமூடி மாதிரியே இருக்கும். தெற்கே மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், வடக்கே போர்ட்டோ ரிக்கோக்காரர்கள், நடுவில் கறுப்பினத்தவரின் 7வது தொகுதி. நடுவில் இருப்பதை உடைக்காமல் லத்தீனோக்களைச் சேர்க்க வேறு வழி இல்லை. அதன் வழியாகத்தான் லூயிஸ் குட்டியெரெஸ் மத்திய மேற்கிலிருந்து போன முதல் லத்தீனோ ஆனார். வடிவத்தைப் பார்த்து முடிவு செய்தால் இதைத்தான் முதலில் அழிக்கத் தோன்றும்.

அப்புறம், கலிபோர்னியாவில் இந்த 4ஆம் தேதி என்ன நடந்தது? ஆணையம் வரைந்த வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு ஜனநாயகக் கட்சிக்கு 5 இடம் கூடுதலாக வரும்படி வரைந்ததை மக்கள் ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டார்கள். டெக்சாஸுக்குப் பதிலடி என்கிறார்கள், புரிகிறது. ஆனாலும் கட்சிக்காக வரைவது எல்லாப் பக்கமும் இருக்கிறது என்று செவ்வந்தியின் அண்ணன் சொன்னதை அப்படியே ஒதுக்க முடியாது.

வழக்குக்கட்டு
2025 நவம்பர் 9

கடலோரம் சொன்னது எல்லாம் சரி, ஆனால் கேள்வி "எல்லோரும் செய்கிறார்களா" என்பது இல்லை. கட்சிக்காகச் செய்தேன் என்று சொன்னால் இனத்துக்குச் செய்த தீங்கு மறைந்துபோகிறதா என்பதுதான் கேள்வி. நான் வக்கீல் இல்லை, ஆனால் பல வருஷம் வாக்குரிமை வழக்குகளுக்கு ஆவணம் தயார் செய்யும் வேலையில் இருந்தேன், அதனால் இந்த இடத்தில்தான் எனக்கு மனசு கொதிக்கிறது.

அலபாமாவில் டஸ்கீகி என்று ஒரு ஊர். 1957ல் அந்த ஊர் எல்லை நல்ல சதுரமாக இருந்தது. மாநிலச் சட்டசபை அதை 28 பக்கம் உள்ள உருவமாக வெட்டியது. வெட்டி முடித்தபோது ஊரில் இருந்த சுமார் 400 கறுப்பின வாக்காளர்களில் நாலைந்து பேரைத் தவிர எல்லோரும் ஊருக்கு வெளியே. வெள்ளையர் ஒருவர்கூட வெளியே போகவில்லை. 1960ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அது செல்லாது என்றது. பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது, யாரும் விளக்கம் கேட்கவில்லை. இன்று அதே சட்டசபை "அவர்கள் எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்கள், அதனால் வெளியே தள்ளினோம்" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

பதில் 2024 மே மாதம் வந்தது. தென் கரோலினாவில் 1வது தொகுதி, சார்ல்ஸ்டன் பகுதி. அங்கிருந்து ஏறக்குறைய 30,000 கறுப்பினத்தவரைப் பக்கத்துத் தொகுதிக்கு மாற்றினார்கள். மூன்று நீதிபதி கொண்ட கீழ்க்கோர்ட் சாட்சிகளைக் கேட்டு, இது இனத்தை வைத்துச் செய்தது என்றது. உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அதை மாற்றியது. சட்டசபை நல்லெண்ணத்தோடு செய்தது என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். இனமா கட்சியா என்பதை வழக்குப் போடுகிறவர்தான் பிரித்துக் காட்ட வேண்டுமாம், அதே கட்சி லாபத்தைத் தரும் மாற்று வரைபடம் ஒன்றையும் கொண்டுவர வேண்டுமாம். தெற்கில் கறுப்பின வாக்காளரில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் ஒரே கட்சிக்குப் போடுகிறார்கள். பாலையும் தண்ணீரையும் கலந்தவன் அவன், பிரித்துக் காட்டவேண்டியது நானா?

நம்பிக்கை தருகிற பக்கமும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். வாக்குரிமைச் சட்டத்தின் 2வது பிரிவில் எண்ணம் என்ன என்று நிரூபிக்கத் தேவையில்லை, விளைவைக் காட்டினால் போதும். ஒரு தொகுதியில் பெரும்பான்மை ஆகும் அளவுக்குச் சிறுபான்மையினர் நெருக்கமாக வாழ்கிறார்களா, சேர்ந்து ஓட்டுப் போடுகிறார்களா, பெரும்பான்மையினர் அதற்கு எதிராகச் சேர்ந்து போட்டு வழக்கமாகத் தோற்கடிக்கிறார்களா, 1986லிருந்து இந்த மூன்றையும்தான் முதலில் பார்க்கிறார்கள். அலபாமாவில் நாலில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர், 27 சதவீதம். 7 தொகுதியில் ஒன்றே ஒன்றுதான் அவர்களால் ஜெயிக்க முடிந்தது. 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்று இரண்டாவது வேண்டும் என்ற உத்தரவை உறுதி செய்தது. அதற்குப் பிறகும் சட்டசபை 40 சதவீதத்தைத் தொடும் ஒரு தொகுதியைப் போட்டு இதுதான் இரண்டாவது என்றது. கோர்ட் பொறுமை இழந்து தானே ஒரு நிபுணரை வைத்து வரைந்தது. 2024ல் அந்த 2வது தொகுதியில் ஷொமாரி ஃபிகர்ஸ் ஜெயித்தார். அலபாமாவிலிருந்து ஒரே நேரத்தில் இரண்டு கறுப்பினப் பிரதிநிதிகள் இருப்பது அந்த மாநில வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

அதே வழியில் லூசியானாவில் வரைந்த இரண்டாவது தொகுதியும் 2025ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. மார்ச்சில் ஒரு தடவை வாதம் கேட்டார்கள், முடிவு சொல்லாமல் அக்டோபரில் இரண்டாவது தடவை கேட்டார்கள், இந்தத் தடவை 2வது பிரிவின் அடிப்படையே கேள்வியாகிவிட்டது. நான் தினமும் காலையில் எழுந்ததும் முதலில் பார்ப்பது அந்தச் செய்தியைத்தான்.

மணிமேடை (டெட்ராய்ட் பக்கம்)
2025 நவம்பர் 10

ஆணையம் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது எழுதுவதற்கு முன்பு எங்கள் அனுபவத்தைச் சொல்கிறேன். மிச்சிகனில் 2018ல் மக்கள் ஓட்டுப் போட்டு சட்டசபையிடமிருந்து இந்த வேலையைப் பிடுங்கினார்கள். 13 பேர் ஆணையம், 4 பேர் அந்தக் கட்சி, 4 பேர் இந்தக் கட்சி, 5 பேர் எதிலும் இல்லாதவர்கள். கட்சிக் கணக்கில் வரைபடம் உண்மையிலேயே நியாயமாக வந்தது, அதை நான் மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் டெட்ராய்ட் நகரத்தைச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி வகுந்து, ஒவ்வொரு துண்டையும் வடக்கே வெள்ளையர் வாழும் புறநகரோடு ஒட்டினார்கள். பொதுத்தேர்தலில் ஜனநாயகக் கட்சி எப்படியும் ஜெயிக்கும், அதனால் கறுப்பினத்தவர் 40 சதவீதம் இருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இங்கே தேர்தல் முடிவாவது ஆகஸ்டில் நடக்கும் கட்சியின் உள் தேர்தலில். அதில் யார் அதிகம் என்று பார்க்கவில்லை.

2023 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் 13 சட்டசபைத் தொகுதிகளைச் செல்லாது என்று சொல்லித் திரும்ப வரைய வைத்தார்கள். காங்கிரஸ் கதை வேறு. 1955லிருந்து டெட்ராய்டுக்குக் காங்கிரஸில் ஒரு கறுப்பினப் பிரதிநிதியாவது இருந்துகொண்டே வந்தார், 2023 ஜனவரியில் அது நின்றது. 13வது தொகுதியில் பல கறுப்பின வேட்பாளர்கள் நின்று ஓட்டைப் பிரித்துக்கொள்ள, ஜெயித்தவர் யார் தெரியுமா, பெல்காமில் வளர்ந்த நம் இந்தியர் ஸ்ரீ தானேதார். எங்கள் நண்பர்கள் வட்டத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம், நானும்தான். மறுநாள் வேலை இடத்தில் கூட வேலை செய்யும் ஒரு பெரியம்மா, பிறந்ததிலிருந்து டெட்ராய்டில் இருப்பவர், "எழுபது வருஷமாக இருந்தது இப்போது இல்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நம் ஆள் முறையாக நின்றுதான் ஜெயித்தார், அதில் தப்பில்லை. ஆனால் அந்த அம்மா இழந்தது என்ன என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

தெற்குமாடம் (கான்சாஸ் சிட்டி, மிசௌரி)
2025 நவம்பர் 10

சுருக்கமாக. எங்கள் ஊரில் ட்ரூஸ்ட் அவென்யூ என்று ஒரு சாலை. அதற்குக் கிழக்கே கறுப்பினத்தவர், மேற்கே வெள்ளையர் என்று வீட்டுக் கடன், பள்ளி எல்லாவற்றிலும் பல தலைமுறையாகப் பிரித்து வைத்திருந்த சாலை. இந்த செப்டம்பரில் எங்கள் சட்டசபை நகரத்தை மூன்றாக உடைத்து கிராமப்புறத் தொகுதிகளோடு சேர்த்தது, 20 வருஷமாகக் கறுப்பினப் பிரதிநிதி இமானுவேல் க்ளீவர் ஜெயித்துவந்த 5வது தொகுதியை எடுத்துவிட்டால் குடியரசுக் கட்சிக்கு 8ல் 7 கிடைக்கும் என்ற கணக்கு. புதுக் கோடு எந்தச் சாலை வழியாக ஓடுகிறது என்று பார்த்தேன். ட்ரூஸ்ட். இதையும் கட்சிக்காக என்றுதான் சொல்கிறார்கள். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் வீட்டு வாடகை விசாரித்த யாருக்கும் இதை விளக்கவே வேண்டாம்.

செவ்வந்தி (பிரிஸ்கோ, டெக்சாஸ்)
2025 நவம்பர் 11

எல்லோருக்கும் நன்றி, இரண்டு நாளாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஆற்றங்கரை அண்ணா சொன்ன 2, 1, 0 கணக்கை என் பெண்ணுக்கு உளுந்தையும் கடலையையும் வைத்துக் காட்டினேன், அவளுக்கு உடனே புரிந்துவிட்டது, "அப்போ யார் வரையறாங்கன்றதுதானே எல்லாமே" என்றாள்.

கடலோரம் அவர்களே, நீங்கள் சொன்னதை யோசித்தேன். எங்கள் பகுதியில் ஆசியர்கள் தனியாகப் பெரும்பான்மை ஆகும் அளவுக்கு இல்லை. எனக்கு இந்தியர்தான் பிரதிநிதியாக வரவேண்டும் என்றும் இல்லை. எங்கள் வாசலுக்கு வந்து ஓட்டுக் கேட்கவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவேண்டும், அவ்வளவுதான். இப்போது அந்த அவசியம் இல்லை. அதைத்தான் எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு சந்தேகம். ஹூஸ்டன் 18வது தொகுதியைப் பற்றி எங்கே பார்த்தாலும் பேச்சு, அது என்ன?

வழக்குக்கட்டு
2025 நவம்பர் 11

பார்பரா ஜோர்டனின் தொகுதி. அவர் 1962லும் 1964லும் டெக்சாஸ் சட்டசபைக்கு நின்று தோற்றார். ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டி முழுக்க ஒரே தொகுதி மாதிரி எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள், கறுப்பின ஓட்டு அதில் கரைந்துபோகும். ஒருவருக்கு ஒரு ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே எடை என்று 1964ல் உச்ச நீதிமன்றம் சொன்னதால் கோடுகளைத் திரும்ப வரையவேண்டி வந்தது. 1966ல் மாநில செனட்டுக்கு நின்றார், ஜெயித்தார். அதே ஆள், அதே குரல், அதே ஊர். பிறகு 1972ல் இந்த 18வது தொகுதியிலிருந்து காங்கிரஸுக்குப் போனார். அதே தேர்தலில் ஜார்ஜியாவில் ஜெயித்த ஆண்ட்ரூ யங்கும் அவரும்தான் ஜார்ஜ் வைட்டுக்குப் பிறகு தெற்கிலிருந்து போன முதல் கறுப்பினத்தவர்கள்.

இந்த ஜூலையில் மத்திய நீதித்துறை டெக்சாஸ் அரசுக்கு ஒரு கடிதம் எழுதியது. 9, 18, 29, 33 ஆகிய நான்கு தொகுதிகளின் பெயரைச் சொல்லி, இவை இனத்தை வைத்து அமைந்தவை, மாற்றுங்கள் என்று. நாலிலும் கறுப்பினத்தவரோ லத்தீனோக்களோ இருவரும் சேர்ந்தோ ஜெயிக்கிறவர்கள். அப்புறம் புது வரைபடம் வந்தது, குடியரசுக் கட்சியின் 25 இடத்தை 30 ஆக்கும் குறியோடு. உங்கள் அண்ணன் நிறத்துக்குச் சம்பந்தமில்லை என்றாரே, ஆரம்பித்த கடிதமே நிறத்தைப் பற்றித்தான். அந்த வரைபடத்தை எதிர்த்த வழக்கை எல் பாசோவில் மூன்று நீதிபதிகள் அக்டோபரில் விசாரித்தார்கள். 18வது தொகுதியின் உறுப்பினர் சில்வெஸ்டர் டர்னர் மார்ச்சில் இறந்தார். அதன்பிறகு அந்த இடம் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது, நவம்பர் 4ஆம் தேதி நடந்த இடைத்தேர்தலிலும் யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காததால் இன்னொரு சுற்று வேண்டிவந்தது.

ஆற்றங்கரை (டர்ஹம், வட கரோலினா)
2025 நவம்பர் 11

செவ்வந்தி, ஒன்று செய்யுங்கள். காங்கிரஸ் தொகுதி மட்டும் இல்லை, நகர மன்றம், பள்ளி வாரியம், கவுண்டி கமிஷனர் எல்லாவற்றுக்கும் எங்கெல்லாம் பகுதி பிரிக்கிறார்களோ அங்கெல்லாம் பொதுக் கூட்டம் நடத்துவார்கள். டெக்சாஸில் இந்த ஜூலையில் ஆஸ்டின், ஹூஸ்டன், ஆர்லிங்டன் மூன்று ஊரிலும் வரைபடத்தை வெளியிடும் முன்பே கூட்டம் வைத்தார்கள், என்ன வரைபடம் என்றே தெரியாமல் ஜனங்கள் வந்து பேசினார்கள். பேசி என்ன பயன் என்று நினைக்காதீர்கள். அங்கே பேசுவது பதிவாகிறது. பின்னால் வழக்கு வரும்போது அந்தப் பதிவைத்தான் வக்கீல்கள் புரட்டுவார்கள்.

போகும்போது "நாங்கள் தமிழர்கள், எங்களைப் பிரிக்காதீர்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சாலையிலிருந்து எந்தச் சாலை வரை, பிள்ளைகள் எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், வார இறுதியில் எங்கே கூடுகிறீர்கள், பேருந்து இல்லாததால் வயதானவர்கள் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், தெலுங்குக்காரர்களும் குஜராத்திகளும் சீனர்களும் லத்தீனோக்களும் அதே பிரச்சினையோடு எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு பக்கத் தாளில் எழுதி, கையால் வரைந்த ஒரு வரைபடத்தோடு கொடுங்கள். இங்கே டர்ஹமில் நாங்கள் அப்படிச் செய்ததன் நகல் என்னிடம் இருக்கிறது, தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.

செவ்வந்தி (பிரிஸ்கோ, டெக்சாஸ்)
2025 நவம்பர் 11

அனுப்பிவிட்டேன் அண்ணா. சித்தி மகளையும் சேர்த்துக்கொள்கிறேன், அவள் பக்கத்துக் கோட்டில் இருந்து, நான் என் பக்கத்தில் இருந்து.